பிரிக்காத பெட்டிக்கு ஏன் கூடுதல் விலை?

நாணயம் சேர்க்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒரே செட் இரண்டு விலையில் விற்பனைக்கு இருக்கும். ஒன்றில் நாணயத்தின் முன்பக்கம், பின்பக்கம், சான்றிதழ் எல்லாவற்றையும் பளிச்சென்று படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். இன்னொன்றில் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டியின் படம் மட்டும்தான். டேப் ஒட்டியபடி, முகவரிச் சீட்டைக் கறுப்பு மையால் மறைத்தபடி. கீழே 'சீல் பிரிக்காதது' என்று ஒரு வரி. நாணயத்தைக் கண்ணிலேயே காட்டாத இந்த இரண்டாவதுதான் விலை அதிகம்.

பொருளைப் பார்க்காமல் வாங்குவதற்கு யாராவது கூடுதல் காசு கொடுப்பார்களா? கொடுக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்தக் காரணம் பிடிபட்டால், எப்போது கொடுக்கலாம், எப்போது ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் 'பெட்டி' என்றால் எது என்று பார்த்துவிடலாம். புழக்கத்துக்கு அடிக்கும் காசு தவிர, சேகரிப்பவர்களுக்கென்றே நாணயச்சாலைகள் தனியாகச் சில நாணயங்களை அடிக்கின்றன. கண்ணாடி போல மின்னும் ப்ரூஃப் நாணயங்கள் அந்த வகை. இத்தனைதான் அடிப்போம் என்று முன்பே அறிவித்து, அந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டால் அது லிமிடெட் எடிஷன். இந்தக் கட்டுரையில் உதாரணங்களை அமெரிக்க மின்ட்டிலிருந்து, அதாவது அந்நாட்டு அரசின் நாணயச்சாலையிலிருந்து, எடுத்திருக்கிறேன். எண்ணிக்கை, வெளியீட்டு விலை, தேதி எல்லாம் அங்கே தெளிவாகப் பதிவாகியிருப்பதால் புரியவைப்பது எளிது.

வாங்கியவர் கைக்கு வரும்போது நாணயம் பல அடுக்குகளுக்குள் இருக்கும். நாணயத்தை ஒட்டி வட்டமான பிளாஸ்டிக் கேப்சூல். அதைப் பதித்து வைத்த சின்னப் பெட்டி. கூடவே சான்றிதழ். இவற்றை மூடிய அச்சிட்ட அட்டை உறை. அதற்கும் வெளியே, தபாலில் வந்த சாதாரண அட்டைப்பெட்டி. 'பிரிக்கவே இல்லை' என்று ஒருவர் சொன்னால், எந்த அடுக்கை என்று கேளுங்கள். கேப்சூலைத் திறக்கவில்லை என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை, விவரம் தெரிந்தவர்கள் யாரும் அதைத் திறப்பதில்லை. விலை கூடுவது கடைசி அடுக்குக்கு. மின்ட்டின் கிடங்கில் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிற, பார்க்க எந்த அழகும் இல்லாத அந்தத் தபால் பெட்டிக்கு.

யாரும் பொறுக்கி எடுக்கவில்லை

இன்றைய நாணயச் சந்தையில் தரம் என்பது 1 முதல் 70 வரையிலான ஓர் எண். 1986-ல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-ல் தொடங்கிய என்ஜிசி ஆகிய இரண்டு நிறுவனங்களும்தான் இதில் பெரியவை. கட்டணம் வாங்கிக்கொண்டு நாணயத்தைச் சோதித்து, ஓர் எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் பலகைக்குள் மூடித் திருப்பி அனுப்புவார்கள். 'ஸ்லாப்' என்பது இதைத்தான். 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியக்கூடாது. 69 என்றால் எங்கோ ஒரு மயிரிழைக் கீறலோ புள்ளியோ இருக்கிறது என்று அர்த்தம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விலையில் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட வரும்.

இப்போது ஒரு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் 100 பெட்டி வாங்குகிறார். எல்லாவற்றையும் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, 70 வாங்கும் என்று தோன்றுகிற 40 நாணயங்களைச் சோதனைக்கு அனுப்புகிறார். மீதி 60 என்ன ஆகும்? அழகாகத் திரும்பப் பெட்டியில் வைக்கப்பட்டு, சான்றிதழோடு, 'ஒரிஜினல் பேக்கிங்' என்று விற்பனைக்கு வரும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. நாணயம் அசல், பெட்டி அசல், சான்றிதழ் அசல். ஆனால் நல்லது எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

இது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், திறந்த பெட்டி எதைப் பார்த்தாலும் வாங்குபவர் மனதில் அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆசையாக ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்த அப்பாவிச் சேகரிப்பாளரின் பெட்டிக்கும் அதே சந்தேக விலைதான். அவர் நாணயம் 70-ஆகவே இருந்தாலும் அதை நம்ப ஆள் இல்லை. 1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து விளக்கியதும் இதே சிக்கலைத்தான்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளும் மோசமான பொருளின் விலைக்கு இறங்கிவிடும். சீல் பிரிக்காத பெட்டியில் அந்தச் சிக்கல் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். அந்தச் சமநிலைக்குத்தான் முதல் கூடுதல் விலை.

நான் இந்தச் சந்தையைப் புரிந்துகொண்டது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். டேப் ஒட்டிய பெட்டி ஒரு நாணயத்தை விற்கவில்லை, 'இதை யாரும் பார்க்கவில்லை' என்ற தகவலை விற்கிறது.

பெட்டிதான் ஊர் பேர் சொல்லும்

இன்னொரு காரணமும் உண்டு. சில நாணயங்களுக்குப் பெட்டியைத் தவிர வேறு அடையாளமே கிடையாது.

இதற்கு 2015-ம் ஆண்டு அமெரிக்க வெள்ளிக் கழுகு நாணயத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம் இது. முதலீட்டுக்காக வாங்குகிற இந்த ரகத்தில், எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து பொறிக்கப்படுவதில்லை. அந்த ஆண்டு மொத்தம் 4 கோடியே 70 லட்சம் அடித்தார்கள். பெரும்பகுதி வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையிலும், கொஞ்சம் சான் ஃபிரான்சிஸ்கோவிலும். இரண்டு ஆண்டு கழித்து, 2017-ல், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வந்த கேள்விக்கு மின்ட் கொடுத்த பதிலில் புதிதாக ஒன்று வெளிவந்தது. அதே ஆண்டு பிலடெல்பியாவிலும் 79,640 நாணயங்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன.

4 கோடியே 70 லட்சத்தில் 79,640! இத்தனை அரிதான ஒன்று தங்களிடம் இருக்கலாம் என்று தெரிந்ததும் சேகரிப்பாளர்கள் அலமாரிகளைத் திறந்தார்கள். ஆனால் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது பிலடெல்பியாவா வெஸ்ட் பாயின்ட்டா என்று சொல்ல வழியில்லை. அதைச் சொல்லக்கூடியது, இந்த நாணயங்கள் வருகிற பெரிய பச்சை நிறப் பிளாஸ்டிக் பெட்டி மட்டும்தான். குழலுக்கு 20 வீதம் 25 குழல்கள், மொத்தம் 500 நாணயம். 'மான்ஸ்டர் பாக்ஸ்' என்பார்கள். வெளியே பட்டை கட்டி, வரிசை எண் ஒட்டியிருக்கும். பிலடெல்பியாவில் அடித்தவை எந்த எண்களுள்ள பெட்டிகளில் போயின என்பது பதிவில் இருந்தது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 160 பெட்டிகள். பட்டையை அறுக்காமல் வைத்திருந்தவர்கள் நிரூபித்தார்கள். பட்டையை அறுத்து, குழல்களை மற்ற குழல்களோடு கலந்து வைத்தவர்களிடம் ஒருவேளை அதே நாணயம் இன்றும் இருக்கலாம், ஆனால் அது வெறும் வெள்ளிக் கழுகாகவே இருக்கும்.

2020 ஏப்ரலிலும் இப்படி நடந்தது. கொரோனா காரணமாக வெஸ்ட் பாயின்ட்டில் வேலை நின்றபோது, பிலடெல்பியாவில் அவசரமாக 2,40,000 வெள்ளிக் கழுகுகள் அடிக்கப்பட்டன. அவற்றையும் பெட்டியின் எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ஆனால் அதற்குள் 2015 கதை எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், பட்டையை அறுக்காமல் வைப்பதில் எல்லோரும் கவனமாகிவிட்டார்கள்.

பெட்டிக்கும் தேதிக்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன். பிசிஜிஎஸ் 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' என்றும் என்ஜிசி 'ஏர்லி ரிலீஸஸ்' என்றும் ஒரு சிறப்புச் சீட்டு ஒட்டித் தருவார்கள். அதற்கு நாணயம் வெளியான முதல் 30 நாளைக்குள் வந்துசேர்ந்திருக்க வேண்டும். நாள் கடந்துவிட்டால், அந்த 30 நாளுக்குள் வந்த தபால் முத்திரையோடு பிரிக்காத பெட்டிதான் சாட்சி. பெயரைப் பார்த்து, அச்சிலிருந்து முதலில் விழுந்த நாணயங்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எந்த நாணயம் முதலில் அடிக்கப்பட்டது என்ற வரிசையைத் தாங்கள் கணக்கு வைப்பதில்லை என்று மின்ட்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. சீட்டு சொல்வது வந்துசேர்ந்த நாளை மட்டும். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் விருப்பம், நான் கொடுக்க மாட்டேன்.

நம்பிக்கைக்கு ஒரு விலை

மூன்றாவது காரணம்தான் ஊகம் முழுக்க நடக்கிற இடம். பெட்டி மூடியிருக்கும்வரை உள்ளே 70 இருக்கலாம். திறந்த நொடியில் அது 70 அல்லது 69, ஏதோ ஒன்றாகிவிடும். அந்த 'இருக்கலாம்' என்பதற்குச் சந்தை ஒரு விலை வைத்திருக்கிறது. அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

உதாரணத்துக்கு, ஒரு நாணயம் 70 தரத்தில் 200 டாலருக்கும் 69 தரத்தில் 90 டாலருக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனைக் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து 40 டாலர். பிரிக்காத பெட்டியை 130 டாலருக்குக் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பாதிக்குப் பாதி 70 கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டால், சராசரி வரவு 145 டாலர். அதில் 40 போனால் 105. பெட்டிக்குக் கொடுத்ததோ 130. நஷ்டம். பத்தில் எட்டு 70 ஆகும் என்றால் சராசரி 178, செலவு போக 138, கொஞ்சம் லாபம். சரி, லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் வர எத்தனை சதவீதம் வேண்டும்? 130-ஐயும் 40-ஐயும் கூட்டி, 90-ஐக் கழித்தால் 80. அதை 110-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 73 சதவீதம். ஆக, 130 டாலர் கேட்பவர் நூற்றுக்கு 73 நாணயங்கள் குறையில்லாமல் இருக்கும் என்று உங்களிடம் சொல்லாமல் சொல்கிறார். அந்த ஆண்டு, அந்த நாணயத்தில், சோதனைக்குப் போனவற்றில் எத்தனை சதவீதம் 70 வாங்கின என்ற எண்ணிக்கையை இரண்டு நிறுவனங்களும் வெளியிடுகின்றன. அதோடு ஒப்பிட்டால் பெட்டியின் விலை நியாயமா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் வியாபாரிகள் முன்கூட்டியே பொறுக்கி அனுப்பியவை. பொறுக்காத பெட்டியில் விகிதம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பெட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. ஐந்து நிமிட வேலை.

சில நேரம் மின்ட்டே இந்த நம்பிக்கையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறது. 1794-ல் அடித்த அமெரிக்காவின் முதல் வெள்ளி டாலரின் 230-ம் ஆண்டு நினைவாக 2024-ல் ஒரு வெள்ளிப் பதக்கம் வந்தது. உச்ச எண்ணிக்கை 75,000. அதில் 1,794 பதக்கங்களில் மட்டும் '230' என்ற சிறு தனிக்குறி பொறித்து, எந்தப் பெட்டியில் என்று சொல்லாமல் கலந்துவிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 42 பெட்டிக்கு ஒன்று. வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, எடை போட்டாலும் தெரியாது. இந்த மாதிரி வெளியீட்டில் பிரிக்காத பெட்டி என்பது சுரண்டாத லாட்டரிச் சீட்டு. திறந்து பார்த்துக் குறி இல்லாத பெட்டிக்கு அந்த விலை வராது என்று சொல்லவேண்டியதில்லை.

லிமிடெட் என்ற சொல்லுக்கு உள்ளே

காரணம் மூன்றும் தெரிந்தாலும், அடிப்படை ஒன்று சரியாக இல்லாவிட்டால் பெட்டிக்கு எந்த விலையும் நிற்காது. எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை இருக்கிறது என்பதுதான் அது. மூன்று செட்டுகளை அடுத்தடுத்துப் பார்ப்போம்.

2011 அக்டோபர் 27-ம் தேதி வெள்ளிக் கழுகின் 25-ம் ஆண்டு செட் விற்பனைக்கு வந்தது. ஐந்து நாணயங்கள், விலை 299.95 டாலர், மொத்தம் ஒரு லட்சம் செட். ஒரு வீட்டுக்கு ஐந்து செட் வரை வாங்கலாம். அந்த ஐந்தில் இரண்டு நாணயங்கள் இந்தச் செட்டைத் தவிர வேறு எங்கும் கிடைக்காது. ஐந்து மணி நேரத்துக்குள் மொத்தமும் தீர்ந்தது. வெளிச்சந்தை விலை உடனே வெளியீட்டு விலையைத் தாண்டியது. ஐந்து செட் ஒன்றாக வந்த, டேப் பிரிக்காத தபால் பெட்டி தனிப் பொருளாகவே கைமாறத் தொடங்கியது.

அதைப் பார்த்தவர்கள் 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் இப்போதைய கட்டடத்தின் 75-ம் ஆண்டு செட்டுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு நாணயம், 149.95 டாலர். இம்முறை மின்ட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. நான்கு வாரம் திறந்து வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்தது. 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் போயிற்று. 2013-ல் வெஸ்ட் பாயின்ட் செட்டுக்கும் அதே நான்கு வார முறை, அது 2 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. வேண்டியவர்கள் எல்லோரும் மின்ட்டிலேயே வாங்கிவிட்டார்கள். பிறகு யார் அதிக விலைக்கு வாங்குவார்கள்? பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்ததும் பெரிதாக உதவவில்லை.

'லிமிடெட்' என்று அட்டையில் போட்டிருந்தால், எதனால் லிமிட் என்று பாருங்கள். எண்ணிக்கையாலா, நாட்களாலா? நாட்களால் வரம்பு வைத்தால் அந்த நாட்களில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு.

எண்ணிக்கை மிகச் சிறியதானால் இன்னொரு விதமாகப் போகும். 2019 நவம்பர் 14-ல் விற்பனைக்கு வந்தது, சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு வெள்ளிக் கழுகு, மொத்தம் 30,000, விலை 65.95 டாலர், வீட்டுக்கு ஒன்று. இருபது நிமிடம்போல் ஆயிற்று, எல்லாம் தீர்ந்தது. கையில் கிடைத்தவர்கள் ஆயிரம் டாலர் அளவில் விற்றார்கள். இப்படி ஒரு சம்பவம் நடந்தால் அடுத்த பல ஆண்டுகளுக்கு எல்லாரும் அடுத்த 30,000-ஐத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேடலில்தான் பணம் போகிறது.

2014 ஆகஸ்டில் கென்னடி அரை டாலரின் 50-ம் ஆண்டுக்குத் தங்க நாணயம் வந்தபோது, சிகாகோ அருகே நடந்த கண்காட்சியில் கூட்டம் தாங்காமல், பாதுகாப்புக்காக நேரடி விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. வெளியீட்டு விலை 1,240 டாலர். அங்கே முதலாவதாக வாங்கப்பட்ட நாணயம் ஒரு லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆனால் இந்த நாணயத்துக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. 70,000-க்கும் மேல் விற்றது. பரபரப்பு அடங்கியதும் முக்கால் அவுன்ஸ் தங்கத்தின் விலையை ஒட்டியே அது நின்றுவிட்டது. வரிசையில் நிற்கும்போது இருக்கும் சூட்டை வைத்து விலையைத் தீர்மானித்தவர்கள் பாவம்.

எல்லோரும் பத்திரமாக வைத்தால்

இந்தச் சந்தையின் பழைய கதை ஒன்றை நான் புதியவர்களுக்கு எப்போதும் சொல்வேன். 1950-ல் டென்வர் நாணயச்சாலை 26,30,030 ஐந்து சென்ட் காசுகள் மட்டுமே அடித்தது. அந்த வகையில் மிகக் குறைவு. செய்தி பரவியதும் எல்லோரும் வங்கியிலிருந்து உருளை உருளையாக வாங்கி, தாளைக்கூடப் பிரிக்காமல் வைத்தார்கள். ஓர் உருளையில் 40 காசு, முகமதிப்பு 2 டாலர். 1964-ல் அந்த உருளை ஆயிரம் டாலரைத் தாண்டியது. அதோடு உச்சம். பிறகு விழுந்தது, மீளவே இல்லை. அறுபது ஆண்டு பணவீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அன்று உச்சத்தில் வாங்கியவர் பட்ட நஷ்டம் மிகப் பெரியது.

என்ன ஆயிற்று? அடித்தது குறைவுதான், ஆனால் அடித்ததெல்லாம் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. பழைய நாணயங்கள் அரிதானதற்குக் காரணம், யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தவில்லை என்பதுதான். செலவழித்தார்கள், தேய்ந்தது, தொலைந்தது, உருக்கப்பட்டது. தற்செயலாகத் தப்பியவை விலை பெற்றன. அடித்த அன்றே எல்லோரும் பத்திரப்படுத்துகிற பொருளுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

அதே காலத்தில் ப்ரூஃப் செட்டுகளிலும் இந்தக் காய்ச்சல் ஓடியது. 1950-ல் 51,386 செட் விற்றது, விலை 2 டாலர் 10 சென்ட். ஆண்டுக்காண்டு ஏறி 1957-ல் 12,47,952. அந்த ஆண்டோடு ஊகம் உடைந்தது. 1958-ல் விற்பனை 8,75,652 ஆகக் குறைந்தது. வாங்கியவர்களில் பலர் சேகரிப்பாளர்களே அல்ல, அடுத்தவருக்கு விற்க வாங்கியவர்கள். அடுத்தவரும் அதே எண்ணத்தோடுதான் வந்திருந்தார். பிரிக்காத பெட்டியின் இறுதி வாங்குபவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நாணயம் வேண்டுபவர் ஒருநாள் அதைத் திறப்பார். திறக்கப்போகிறவர்கள் குறைந்து, கைமாற்றுபவர்கள் மட்டும் மிஞ்சினால் விலைக்கு அடியில் தரையில்லை.

இருட்டில் என்ன நடக்கிறது

பெட்டியைப் பிரிக்காவிட்டால் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் கவலை தருகிறது. நாணயம் உலோகம். அது காற்றோடும் அட்டையோடும் பிளாஸ்டிக்கோடும் இருட்டிலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

1950-களின் தொடக்கத்தில் வந்த ப்ரூஃப் செட் ஒன்றைத் திறந்தால் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். கைக்குள் அடங்குகிற சதுர அட்டைப்பெட்டி, டேப் மஞ்சளாகி மொறுமொறுவென்று ஆகியிருக்கும். உள்ளே மெல்லிய டிஷ்யூ தாள். அதைப் பிரித்தால் ஐந்து செலோஃபேன் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம், ஐந்தின் தலையையும் சேர்த்து ஒரே ஸ்டேப்பிள் ஊசி. அந்த ஊசி இரும்பு. எழுபது ஆண்டுகளில் அது துருப்பிடித்து, செலோஃபேனில் செம்மண் நிறத்தில் கசிந்திருக்கும். அரை டாலரின் கண்ணாடிப் பரப்பில் மங்கலாக ஒரு படலம், சென்ட்டில் கரும்புள்ளிகள். சில நேரம் எதுவுமே ஆகாமல், அன்று அடித்த மாதிரி ஜொலிக்கும். எது என்பது திறந்தால்தான் தெரியும்.

1955-லிருந்து தட்டையான பிளாஸ்டிக் உறையில் வைத்துக் காகிதக் கவரில் ஒட்டி அனுப்பத் தொடங்கினார்கள். 1964 வரை அப்படி. பிரிக்காத அந்தக் கவர்களைத் தேடுபவர்கள் இன்றும் உண்டு. காரணம் 'கேமியோ'. புது அச்சில் முதலில் அடிக்கும் சில நாணயங்களில் உருவம் பனி படிந்தது போல வெண்மையாகவும், பின்னணி கறுப்புக் கண்ணாடி போலவும் இருக்கும். அச்சு தேயத் தேய அந்தப் பனி மறைந்துவிடும். ஒட்டிய கவருக்குள் அப்படி ஒன்று இருந்தால் விலை பல மடங்கு. ஆனால் அதே கவருக்குள் ஈரம் புகுந்திருந்தால் அழகான ஒரு நாணயம் மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளியில் இன்னொரு தொல்லை, பால் புள்ளி. பால் துளி தெறித்துக் காய்ந்தது போன்ற வெண்புள்ளி. குறையில்லாமல் வெளியே வந்த நாணயத்தில் மாதங்கள் கழித்துக்கூட இது தோன்றும், எளிதில் போகாது. கனடா நாணயச்சாலையின் வெள்ளி மேப்பிள் இலை நாணயங்களில் இது பெரிய புகாராகவே இருந்து, 2018-ல் அதைக் குறைக்க 'மின்ட்ஷீல்டு' என்ற தனி முறையையே கொண்டுவந்தார்கள். பிரிக்காத பெட்டியில் புள்ளி வந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. மலிவான பிவிசி பிளாஸ்டிக்கில் இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் அமிலத்தைக் கசியவிட்டு, நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். அப்புறம் ஸ்லாப் எதுவும் காப்பாற்றாது.

ஆக, முன்னே போட்ட கணக்கில் 70 கிடைக்கும் விகிதம் நிலையானது கிடையாது. பெட்டி எத்தனை ஆண்டு இருட்டில் இருந்ததோ அத்தனைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்று வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேப்பை நீராவியில் பிரித்துத் திரும்ப ஒட்டுவார்கள். பழைய வங்கித் தாளில் புதிதாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் மட்டும் அரிய காசை வைத்து, நடுவில் சாதாரணக் காசை நிரப்புவார்கள். ஆகவே டேப்பின் விளிம்பில் நார் கிழிந்திருக்கிறதா, அட்டையில் இரண்டாவது பசைத்தடம் இருக்கிறதா, தபால் தேதியும் பொருள் வெளியான தேதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டியைத் தராசில் வைத்து, அதே பொருளின் வழக்கமான எடையோடு ஒப்பிடுங்கள். நாணயத்தின் மீது உங்களுக்கு எத்தனை அறிவிருந்தாலும், மூடிய பெட்டி வாங்கும்போது நீங்கள் நம்புவது விற்பவரைத்தான்.

கையில் ஒன்று இருந்தால்

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பிரிக்காத பெட்டி இருந்தால் என்ன செய்வது? அது மான்ஸ்டர் பாக்ஸ் போல, பெட்டியே அடையாளமாக இருக்கிற ரகம் என்றால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். சோதனை நிறுவனத்துக்கு அப்படியே அனுப்பி, அவர்கள் மேசையில் திறக்கவிடுங்கள். முதல் 30 நாள் சீட்டு வேண்டும் என்றாலும் இதே வழிதான். வீட்டில் திறந்துவிட்டு வீடியோ காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணாதீர்கள்.

சாதாரண ஆண்டு ப்ரூஃப் செட், லட்சக்கணக்கில் விற்றது என்றால், தயங்காமல் திறங்கள். அதில் மூடிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் விலை வித்தியாசம் அற்பம். ஆனால் உள்ளே எதிர்பாராதது இருந்தால்? 1975-ம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ ப்ரூஃப் செட் 28 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் பத்து சென்ட் காசில் இருக்கவேண்டிய 'எஸ்' எழுத்து விடுபட்ட நாணயம் இதுவரை இரண்டே இரண்டுதான் வெளிவந்திருக்கிறது. அதில் ஒன்று 2019-ல் 4,56,000 டாலருக்கும், மற்றொன்று 2024-ல் 5,06,250 டாலருக்கும் ஏலம் போயிற்று. அந்த இரண்டும் கிடைத்தது, யாரோ ஒருவர் தன் செட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு காசாகப் பொறுமையாகப் பார்த்ததால்தான். அந்த 28 லட்சத்தில் இன்னும் தபால் பெட்டியோடு அலமாரியில் கிடக்கும் செட்டுகள் எத்தனையோ.